கிணற்றடிச் சாயம்

என் கணவர் அடிப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பார்.

கோபத்தில் அடிக்கிறவர்கள் உடுத்தியிருப்பதோடு பாய்வார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இவர் அப்படி இல்லை. மேல் பொத்தானில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார். இரண்டு கைகளையும் உள்பக்கம் மடித்து, ஜவுளிக்கடைக்காரர் வைப்பதுபோல் சட்டையைப் பலகைமேல் வைப்பார். வெள்ளைச் சட்டை. அதில் ஒரு பொட்டு அழுக்குப் படக்கூடாது. அதற்குப் பிறகுதான் தூணுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் பெல்ட்டை எடுப்பார்.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது இல்லை. காரைக்குடியிலிருந்து சாக்கோட்டைக்குப் போகும் ரோட்டில் எங்களுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. அங்கே மோட்டாருக்கும் எந்திரத்துக்கும் இடையில் ஓடுகிற பட்டை பெல்ட் தேய்ந்து அறுந்ததும், அதில் இரண்டு முழம் வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டியிருந்தார். ரப்பரும் துணியும் சேர்ந்த கனத்த பட்டை. ஒரு முனையில், இரண்டு துண்டுகளைச் சேர்க்கிற இரும்புப் பல் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஊரில் அவரைப்போல் ஒரு மனுசர் உண்டா என்பார்கள். வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பினால் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அடுத்த வீட்டில் புருசன் பொண்டாட்டி சண்டை என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து, "பொம்பளப்பிள்ள மேல கை ஓங்கலாமாப்பா?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டு வருவார். நான் வீட்டில் வீங்கிய கண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

அந்த வீங்கிய கண்ணுக்கும் உடைந்த உதட்டுக்கும் நான் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். "கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்." பின்கட்டில் இருந்தது அந்தக் கிணறு. பாவம், அதன் பாசி படிந்த கல் என்னை ஒருநாளும் தள்ளிவிட்டதில்லை. ஆனாலும் அறுபதுகள் முழுக்க ஊர்ப் பெண்களிடம் அந்தக் கல்லின்மேல்தான் பழி போட்டேன்.

என் கணவரின் தங்கை குன்றக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வரும்போதெல்லாம் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அவள் கேட்காமலே நான் கிணற்றடிக் கதையைச் சொல்வேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்து நடக்கக் கூடாதா மதினி?" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. எனக்கு அவள் அண்ணனைவிட அவள்மேல்தான் எரிச்சல் அதிகம் வரும். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே, தெரியாமல் இருக்குமா?

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பையன், அடுத்தது பெண். பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது சொல்லாமல் டெண்ட் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது இவர் சட்டையைக் கழற்றி மடித்து முடித்திருந்தார். பையனைத் தூணில் கிணற்றுக் கயிற்றால் கட்டினார். நான் குறுக்கே விழுந்தேன். என்னைக் காலால் தள்ளிவிட்டு அடித்தார். பெல்ட்டின் இரும்புப் பல் பையனின் இடது காதைக் கிழித்தது. ரத்தம் பள்ளிக்கூடச் சட்டையின் காலரிலும் தோளிலும் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "சட்டையப் பாழாக்கிட்டான் பாரு" என்று சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. என் பையனுக்கு அந்தக் காது அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

பதினேழு வயதில் அவன் ரயிலேறிப் பம்பாய்க்குப் போனான். வரவே இல்லை. தங்கைக்கு மட்டும் எப்போதாவது எழுதுவான்.

தங்கைக்காரி எல்லாவற்றையும் கதவு இடுக்கிலிருந்து பார்த்து வளர்ந்தவள். மதுரையில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை சாது. ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். பிள்ளைகளை முதன்முதலாக லீவுக்குக் கூட்டிவந்தபோது, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்:

"அம்மா, அப்பா கை எம்பிள்ளைக மேல ஒரு தரம் பட்டாப் போதும். அன்னைக்கே நா கெளம்பிருவேன். அப்பறம் நீ செத்தாலும் இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். அண்ணன் போனவன் போனவன்தான் என்பதைப் பார்த்தவள். இவளும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பெரிய வீடும், அந்த ஆணியும், அவரும்தான். அதனால் ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவும் எனக்குப் பரீட்சையாகவே போனது. அவர் மில்லிலிருந்து வருகிற நேரத்துக்குப் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு ஓட்டிவிடுவேன். சாப்பிட உட்கார்ந்தால் அவர் கைக்கும் பையனுக்கும் நடுவில் நான் உட்காருவேன். பையன் ஒருநாள், "இந்தப் பெல்ட்டு எதுக்குத் தாத்தா?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ஒங்க மாமனுக்கு வாங்குனது. ஒனக்கும் அளவாத்தான் இருக்கும்" என்றார். ரசக் கரண்டியின் காம்பை இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு ஒன்பது. அம்மாச்சி என்று அவர்கள் கூப்பிடுவதால் என்னைப் பல் போன கிழவியாக நினைத்துவிடக் கூடாது. எனக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. பதினைந்தில் கட்டிக் கொடுத்தால் அப்படித்தான். தண்ணீர்க்குடம் இரண்டை ஒன்றாகத் தூக்குகிற உடம்பு.

பேத்தி அந்த வருசம் ஒரு பைத்தியத்தோடு வந்திருந்தாள். மதுரையில் காலேஜ் பையன்கள் வட்டம் வட்டமாகச் சாயம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்களாம். ஹிப்பி சட்டை என்று பேர். அதை எப்படிச் செய்வது என்று பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "நாம பண்ணலாம் அம்மாச்சி, நாம பண்ணலாம் அம்மாச்சி" என்று இரண்டும் என் சேலையைப் பிடித்துத் தொங்கின. சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று சாயப் பொட்டலம் காரைக்குடிக் கடையில் வாங்கியும் வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைதான் இல்லை.

அந்த வீட்டில் வெள்ளைச் சட்டைக்கா பஞ்சம்? ஆனால் எல்லாம் அவருடையவை. நான் யோசித்தேன். பிறகு உள்ளே போய் என் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த என் மகனின் பள்ளிக்கூடச் சட்டைகளை எடுத்துவந்தேன். அவன் போன பிறகு அவற்றை எரிக்கச் சொன்னார் இவர். நான் எரிக்கவில்லை. பேரனுக்குக் கொஞ்சம் தொளதொள என்று இருக்கும். பரவாயில்லை.

அன்று காலையில் என் மகள் தோழி ஒருத்தியைப் பார்க்க டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போயிருந்தாள். மறுநாள் குன்றக்குடி மலைக்கோவிலில் கல்யாணம். என் நாத்தனார் மகளுக்கு. இவர் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் மணையில் பெண்ணை உட்கார வைக்க மாட்டார்கள். அதற்காகப் புதுச் சட்டையும் எட்டு முழ வேட்டியும் துண்டும் எடுத்திருந்தார். புதுத்துணியின் பழுப்பு போகவேண்டும் என்று அவற்றை நானே துவைத்து, கிணற்றடியில் ஒரு பெரிய வாளியில் நீலம் கரைத்து ஊறப் போட்டிருந்தேன். நீலம் போட்டால்தான் வெள்ளை கண்ணைப் பறிக்கும். அந்த வீட்டில் நான் செய்த வேலைகளில் அவர் குறை சொல்லாத ஒரே வேலை அதுதான்.

பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தேன். பெரிய அலுமினியக் குண்டானில் தண்ணீர் கொதிக்கும்போது சிவப்புப் பொடியைக் கொட்டினாள் பேத்தி. ஒரு கை உப்பும் போட்டாள். கிடாய் வெட்டிய இடம் மாதிரி ஆகிவிட்டது குண்டான். பேரன் எட்டிப் பார்த்து, "அம்மாச்சி, ரத்தம் கொதிக்கிது!" என்று கத்தினான். எனக்கும் அதைக் கிண்டும்போது ஒரு சந்தோசம் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

துணியைக் கிள்ளி எடுத்து, உள்ளே ஒரு புளியங்கொட்டையை வைத்து, கழுத்தில் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளை வட்டம். இவ்வளவுதான் வித்தை. "நல்லா இறுக்கு, கழுத்த நெரிக்கிற மாதிரி" என்று தம்பிக்கு உத்தரவு போட்டாள் பேத்தி. பேரன் பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தான். நூல் அறுந்து போனதற்கு அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அவள் சடையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகி உட்கார வைத்தேன்.

ஒரு சட்டையை எடுத்து விரித்தபோது பேத்தி காலரைக் காட்டினாள். தோள் வரைக்கும் பழுப்பாக ஒரு கறை.

"இது என்ன அம்மாச்சி? காப்பியா?"

வெற்றிலைக் கறை என்று சொல்ல வாயெடுத்தேன். கிணற்றடிக் கதை சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பொய் பழகியிருந்தது. ஆனால் அந்தக் குண்டானின் ஆவி முகத்தில் அடிக்கும்போது, போதும் என்று இருந்தது.

"ஒங்க மாமன் ரத்தம்" என்றேன். "ஒங்க தாத்தா அந்தப் பெல்ட்டால அடிச்சாக. காது கிழிஞ்சு போச்சு."

பேத்தி கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம், "அப்ப இந்த எடத்துல முடிச்சுப் போடக்கூடாது அம்மாச்சி. கட்டுனா கறை அப்படியே நிக்கும். இங்க சாயம் ஏறணும்" என்றாள். அந்த இடத்தைத் தட்டையாக விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் முடிச்சாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் அவள் இறுக்கிய இறுக்கில் விரல் நுனி வெளுத்துப் போனது.

குண்டானுக்குள் சட்டைகளைப் போட்டு, கட்டையால் அமுக்கி அமுக்கிக் கொதிக்க வைத்தோம். எடுத்து ஆறவைத்துப் பிழியும்போது என் கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்துவிட்டன; தொட்ட இடமெல்லாம் சிவப்பு ஒட்டியது. "மாத்திப் புது நீரு விட்டு அலசணும்" என்றாள் பேத்தி. நான் குண்டானை அடுப்பில் வைத்துவிட்டு, இன்னொரு சட்டைக்கு நூல் தேட உள்ளே போனேன்.

நான் போன நேரத்தில்தான் அது நடந்தது. பேரன் முதல் சட்டையைத் தூக்கிக்கொண்டு அலசுவதற்குக் கிணற்றடிக்குப் போயிருக்கிறான். இறைக்கத் தெம்பு இல்லை. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. நீலமாகக் கிடந்ததால் அதுவும் சாயம் போடுகிற தண்ணீர் என்று நினைத்துவிட்டான். முக்கி, அலசி, கட்டையால் அமுக்கியும் விட்டிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது தாய்மாமன் சட்டை, தாய்மாமன் வேட்டி, தாய்மாமன் துண்டு எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக மிதந்துகொண்டிருந்தன.

அள்ளி எங்கேயாவது ஒளிக்கலாம் என்று குனிந்தேன். நிமிர்ந்தால் அவர் நிலைப்படியில் நிற்கிறார். கல்யாண வீட்டுக்கு அரிசி ஏற்றிவிடுவதற்காக மில்லை அரைநாளோடு மூடிவிட்டு வந்திருந்தார்.

வாளியைப் பார்த்தார். பேரனைப் பார்த்தார். மேல் பொத்தானில் கை வைத்தார்.

எனக்கு அந்தக் கை போதும். ஒவ்வொரு பொத்தானாகக் கழன்றது. சட்டையை மடித்தார். துவைக்கிற கல்லின்மேல் வைக்காமல், காய்ந்த இடமாகப் பார்த்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். உள்ளே போனார். ஆணியிலிருந்து பெல்ட்டை உருவுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

"தாத்தா, நா அலசத்தான்..." என்று ஆரம்பித்தான் பேரன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனைப் பெரியவர்கள் யாரும் அடித்ததே இல்லை. சின்னத் தப்பு, மன்னிப்புக் கேட்டால் போய்விடும் என்று நிற்கிறான். அக்காக்காரிக்கு விளங்கிவிட்டது. தம்பியைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்தாள். அவள் கதவு இடுக்கில் நின்ற என் மகள் மாதிரியே இருந்தாள்.

அவர் வந்தார். "வெலகு" என்றார் என்னிடம்.

"சின்னப்பய. தெரியாமப் பண்ணிட்டான்."

"வெலகுடி."

"நா சொல்றத..."

பெல்ட் வந்தது. பேரனை நோக்கித்தான் வந்தது. நான் கையைக் குறுக்கே நீட்டினேன். என் முழங்கையில் சுற்றி விழுந்தது. இரும்புப் பல் சதையில் கடித்தது. வலி உச்சந்தலை வரைக்கும் போனது. எத்தனையோ தடவை வாங்கிய அடிதான். ஆனால் அன்றைக்கு அந்த வலிக்குப் பின்னால் என் மகனின் காது இருந்தது, பஸ்ஸில் ஏறித் திரும்பியே பார்க்காமல் போகப்போகிற என் மகளின் முதுகு இருந்தது. சுற்றிய பெல்ட்டை அப்படியே பிடித்து ஒரு இழு இழுத்தேன். அவர் தடுமாறி முன்னால் வந்தார். இன்னொரு கையால் ஓங்கி விட்டேன் கன்னத்தில்.

முதல் அடி. முப்பது வருசத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்த அடி. கிணற்றுக்குள் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

அவர் கன்னத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். சிவப்பு. முகம் வெளிறிப் போய், "ரத்தம்!" என்றார். "அடிப்பாவி, ரத்தம்!"

"சாயந்தான்" என்றேன்.

அது அவரை இன்னும் மூர்க்கமாக்கிவிட்டது. என் தலைமுடியைப் பிடித்தார். கிணற்றுச் சுவரில் என் நெற்றியைக் கொண்டுபோய் மோதினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். கடித்ததை விடவில்லை. உப்புக் கரித்தது. அவர் அலறிக் கையை உதறியதும் நான் அடுப்பின் பக்கம் ஓடினேன். சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துக் குண்டானைத் தூக்கினேன். தளதளவென்று கொதிக்கிற சிவப்பு. தலைப்புக்குள் கை வெந்தது. கீழே வைக்கவில்லை.

"இன்னொரு எட்டு எடுத்து வச்சீக, இத அப்படியே ஒங்க தலையில கவுத்திருவேன். நாளைக்குத் தாய்மாமனத் தூக்கிட்டுத்தான் போகணும்."

அப்போதும் வாயில் மரியாதை குறையவில்லை பாருங்கள். பழக்க தோசம்.

அவர் என் கண்ணைப் பார்த்தார். ஊற்றிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தால் நான் ஜெயிலில் இருந்துகொண்டு இதை எழுதியிருப்பேன். எடுத்து வைக்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து போனார். குண்டானை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். பேரன் நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்திருந்தான். பேத்தி அழாமல் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"மஞ்சச் சாயம் இருக்குல்ல?" என்று கேட்டேன் அவளிடம். "அதையும் போட்டுருவோம்."

அடுப்பு அணைகிற நிலையில் இருந்தது. காலடியில் கிடந்த பெல்ட்டை எடுத்து அடுப்புக்குள் திணித்தேன். ரப்பர் நாற்றம் குடலைப் பிடுங்கியது. கரும்புகையாக வந்தது. மஞ்சள் தண்ணீர் அதில்தான் கொதித்தது. சாம்பலில் அந்த இரும்புப் பல் மட்டும் கிடந்தது. அதைக் கிணற்றுக்குள் எறிந்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் குளிக்கிற தடுப்புக்குள் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சோப்புப் போட்டார், சீயக்காய் போட்டார், எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார், மண்ணெண்ணெய் வாசமும் வந்தது. தேய்க்கத் தேய்க்கச் சுற்றியுள்ள தோல் கன்றிப்போனதே தவிர சாயம் போகவில்லை. பேத்தி வாங்கிய பொட்டலம் நல்ல கடைச் சரக்கு. பெருவிரல் தாடையில், மற்ற நான்கு விரலும் காதைப் பார்த்து. எண்ணிக்கொள்ளலாம்.

பொழுது சாய என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வாசலில் அப்பா துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவள் நடை மாறிவிட்டது. நேராகப் பின்கட்டுக்கு ஓடி வந்தாள். மகனைப் பிடித்துத் திருப்பிச் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். கையை, காலை, காதைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு என் நெற்றிப் புடைப்பையும் முழங்கைக் கட்டையும் பார்த்தாள்.

"அவன் மேல படலை" என்றேன்.

கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் சட்டைகள் என்று அவளுக்குத் தெரிந்தது. கறை இருந்த காலரைத் தேடிப் பிடித்துத் தடவினாள். கறை தெரியவில்லை. அந்தச் சட்டை முழுக்க ஒரே சிவப்பு, நடுவில் வெள்ளை வட்டங்கள். அந்தச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகை, பையன் வீட்டை விட்டுப் போன அன்றுகூட அழாத அழுகை. நானும் அழுதேன். பெட்டி கட்டுகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

மறுநாள் குன்றக்குடி. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. பழைய சட்டை வேட்டியை உடுத்திக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். பேரன் மாமனின் சிவப்புச் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டான். தொடை வரைக்கும் தொங்கியது. படி ஏறும்போது அவர் எங்களுக்கு நாலு படி முன்னாலேயே போனார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டிய பிறகுதான் பெண்ணை அழைப்பார்கள். மண்டபத்தில் கூட்டம் நெருக்கி நின்றது. பெண்ணின் அப்பா பட்டுத் துணியோடு வந்து நின்றார். என் கணவர் துண்டை எடுக்கவில்லை.

"என்ன மச்சான், எடுங்க" என்றார் அவர்.

"பல்லு வலி. இதுக்கு மேலயே கட்டிருங்க."

"நல்லாருக்கும்! எம்மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் ஆஸ்பத்திரிக் கட்டோடவா நிப்பாக?" என்று சொல்லிக்கொண்டே என் நாத்தனார் வந்தாள். வந்த வேகத்தில் துண்டை உருவிவிட்டாள்.

மேளக்காரர் கையே நின்றுவிட்டது. வெயில் சரிந்து அவர் முகத்தில்தான் அடித்தது. ஐந்து விரலும் சிவக்கச் சிவக்க இருந்தது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற முகம்.

"என்னண்ணே இது?" என்றாள் தங்கை.

அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் தூக்கிப் பிடித்த சந்தனத் தட்டோடு முன்வரிசையில்தான் நின்றேன். நெற்றிப் புடைப்பை மறைக்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் சிவந்த கைகளையும் சேலைக்குள் ஒளிக்கவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளி என்று அவர் கண் கெஞ்சியது. அந்தக் கெஞ்சலைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் இதற்கென்று ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது அவருக்கும் மனப்பாடம்.

"கிணத்தடியில..." என்றார். தங்கையிடமிருந்த துண்டுக்குக் கை நீட்டினார். "கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. என் நாத்தனார் அவர் கன்னத்தைப் பார்த்தாள். திரும்பி என் கையைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் தலையைக் குனியவில்லை. துண்டை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பாத்து நடக்கக் கூடாதாண்ணே?"